தும்பியின் மூன்று கண்ணாடிகள்

"கண்ணாடி எங்கடி?"

தும்பி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். கையில் இல்லையாம். கையில் இல்லை என்பது அவனுக்கும்தான் தெரிகிறதே! முகத்தில் ஏன் இல்லை என்பதல்லவா கேள்வி?

கடையில் கூட்டமான நேரம். ஒரு காலில் புது ஷூவும் மறு காலில் வெறும் சாக்ஸுமாக ஒரு பையன் நிற்கிறான். "அண்ணே, இதுல அடுத்த சைஸ் இருக்கா, இல்லையா? இல்லன்னா சொல்லிருங்க, நாங்க வேற கடை பார்த்துக்கறோம்" என்று அவன் அம்மா பொறுமையிழந்து கேட்கிறாள். செருப்புக்கடைக்காரனோ தரையில் மண்டியிட்டுப் பெட்டி பெட்டியாகத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறான். அடுத்த சைஸையா தேடுகிறான்? பெற்ற மகளின் கண்ணாடியைத் தேடுகிறான்.

கடைசியில் அது மழைக்குப் போடுகிற ரப்பர் பூட்ஸ் ஒன்றுக்குள் கிடந்தது.

"யாராவது காலை விட்டிருந்தா என்னடி ஆயிருக்கும்?"

"உடைஞ்சிருக்கும்" என்றாள் தும்பி. வருத்தத்தோடு சொன்னாளா, ஆசையோடு சொன்னாளா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"உடைஞ்சா உடையட்டும். வீட்டுல இன்னொண்ணு இருக்கு. உங்கப்பனை யாருன்னு நெனச்ச?" சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைத்து மகளின் மூக்கில் ஏற்றினான். "இனிமே கழட்டின, அவ்வளவுதான், சொல்லிட்டேன்."

"அழுக்கா இருக்குப்பா."

"இப்பத்தானே துடைச்சேன்!"

"இன்னும் அழுக்கு."

மறுபடியும் துடைத்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். பளிங்கு மாதிரி இருந்தது. அழுக்காம் அழுக்கு! சாக்குச் சொல்லவாவது இன்னும் கொஞ்சம் மூளையைச் செலவழிக்கக் கூடாதா இந்தப் பிள்ளை? திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா பையனைக் கூட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாளே, அதுவே பெரிய விஷயம்.

தும்பி என்பது வீட்டில் வைத்த செல்லப் பெயர். முதன்முதலாக அந்தத் தடித்த கண்ணாடியை மாட்டியபோது கண் இரண்டும் பெரிதாகித் தெரிந்து, முகத்தில் பாதிக்குக் கண்ணே இருந்தது. "அடி என் தும்பி!" என்று அப்பன்தான் முதலில் கூப்பிட்டான். அது ஒட்டிக்கொண்டது.

நடக்கப் பழகுகிற வயதில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. "புரையா? குழந்தைக்கா? வயசானவங்களுக்கு வர்றதாச்சே அது!" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. பதில் சொல்லிச் சொல்லித் தொண்டைத் தண்ணீர் வற்றியது. அறுவை சிகிச்சையில் மங்கிப்போன லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு டாக்டரம்மா அப்பா அம்மா இருவரையும் உட்கார வைத்து விளக்கினார்.

"கண்ணு இன்னும் வளரும். உள்ள வெச்ச லென்ஸ் வளராது. இப்பவே சரியா வெச்சுட்டா, பெருசானதும் ரொம்பத் தப்பாப் போயிரும். அதனால வேணும்னே கொஞ்சம் குறைச்சு வெச்சிருக்கோம். குறையற பவருக்குக் கண்ணாடி. கண்ணு வளர வளரக் கண்ணாடி நம்பர் இறங்கிட்டே வரும்."

"புரிஞ்சுது டாக்டர்" என்றான் இவன், நாற்காலி நுனிக்கு வந்து. "வளர்ற புள்ளைக்கு ஒரு சைஸ் பெருசா ஷூ எடுத்து, முன்னால பஞ்சு அடைக்கற மாதிரி."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கிட்டத்தட்ட அப்படித்தான்."

அப்படித்தான் என்பது அவன் காதில் நன்றாக விழுந்தது. கிட்டத்தட்ட என்பது விழவில்லை. அன்றிலிருந்து, கண் விஷயத்தில் டாக்டருக்கு அடுத்தபடி தான்தான் என்று ஒரு நினைப்பு அவனுக்கு. செருப்பு வாங்க வருகிறவர்களுக்கும் இலவசமாக விளக்கம் கொடுப்பான்.

டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். அதுதான் அவன் மண்டையில் ஆணியடித்த மாதிரி இறங்கியது. "கண்ணாடியைக் கழட்ட விடாதீங்க. மங்கலாவே பார்த்துப் பழகிட்டா, மூளை அந்தக் கண்ணு சொல்றதைக் கேக்கறதை விட்டுரும். அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் பார்வை வராது. பழக்கறதெல்லாம் இந்தச் சின்ன வயசுலதான்." சொல்கிற தேதிக்குத் தவறாமல் வரச் சொன்னதும் அதே மூச்சில்தான். ஆனால் ஆணி அதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டதே!

அதற்குப் பிறகு மகளின் மூக்கில் கண்ணாடி இல்லாத ஒவ்வொரு நிமிஷத்தையும் அவன் மனசுக்குள் எண்ணினான். தும்பியோ கண்ணாடி உடைப்பதில் கெட்டிக்காரி. மேலே உட்காருவாள், படியில் உருட்டுவாள், ஒரு தடவை ஓடுகிற பள்ளிக்கூட வேனிலிருந்து வெளியே எட்டிப்பார்த்துத் தவறவிட்டாள். ஒவ்வொரு தடவையும் புதுசு செய்து வருவதற்குள் இவன் தலையைப் பிய்த்துக்கொள்வான். அதனால் போன தடவை கண்ணைக் காட்டியபோது, அதற்கு முந்தைய தடவை இருந்த அதே நம்பர்தான் என்று தெரிந்ததும் ஒரு புத்திசாலித்தனம் செய்தான். ஒரே நம்பரில் மூன்று கண்ணாடி செய்யச் சொன்னான்.

"குழந்தைக் கண்ணு சார், மாறும். ஒண்ணு போதுமே" என்று கண்ணாடிக்கடைக்காரர் இழுத்தார்.

"மாறும்போது மாறட்டும். நானும் கடை வெச்சிருக்கறவன்தான். ஸ்டாக் இல்லாம ஒரு நாள் ஓட்ட முடியுமா?"

மனைவி ஓர் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கிற வேலையில் இருந்தாள். நாள் பூராவும் ஊரார் புகார்களை "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வருகிறவள். கண்ணைக் காட்ட வேண்டிய தேதி நெருங்கியபோது அவளுக்கு அங்கே லீவு இல்லை. இவனுக்கோ பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடையில் நிற்க இடமில்லாத வியாபாரம்.

"ஏங்க, ஒரு நாள் கடையைச் சாத்திட்டுப் போயிட்டு வாங்களேன்."

"இந்த சீசன் முடியட்டும்மா. ரெண்டு தடவையா அதே நம்பர்தான் குடுக்கறாங்க. அது என்ன காலு முளைச்சு ஓடியா போயிரும்?"

சீசன் முடிந்தது. அப்புறம் மீந்த சரக்கை எண்ணி அடுக்குகிற வேலை. அப்புறம் தும்பிக்குக் காய்ச்சல். அப்புறம் சும்மாவே. முதல் கண்ணாடி உடைந்தபோது, கண்ணாடிக்கடைக்குப் போயிருந்தால் கடைக்காரராவது டாக்டரின் புதுச் சீட்டைக் கேட்டிருப்பார். போகவே வேண்டியிருக்கவில்லை. அலமாரியைத் திறந்தான், அடுத்ததை எடுத்தான், மாட்டினான். "பார்த்தியா?" என்று மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டான் வேறு.

தும்பி கழற்ற ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். அதில்தான் ஒரு விசேஷம். படம் வரைய உட்கார்ந்தால் கண்ணாடி மூக்கிலேயே இருக்கும். யாரும் சொல்ல வேண்டாம். வெளியே கிளம்பினால் போதும், கழற்றிவிடுவாள். தெருவில் கழற்றுவாள், வேனில் கழற்றுவாள், கடை வாசலில் நின்று வேடிக்கை பார்க்கும்போது கழற்றுவாள்.

இதை வைத்து அவன் ஒரு முடிவுக்கு வந்தான். "வீட்டுக்குள்ள போடறா. நாலு பேர் பார்க்கற இடத்துல கழட்டறா. அப்படின்னா என்ன அர்த்தம்? வெக்கப்படறா. எவனோ எவளோ கிண்டல் பண்றாங்க."

"அஞ்சு வயசுல என்னங்க வெக்கம்?"

"உனக்குத் தெரியாது. நானும் சின்ன வயசுல கிண்டல் வாங்கினவன்தான். எனக்குத் தெரியும்."

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்துருவோமே."

"வெக்கத்துக்கு டாக்டர் என்ன மருந்து குடுப்பாங்க?"

அவள் பேசாமல் போய்த் தட்டை எடுத்து வைத்தாள். அவள் பேசாமல் போனால் தான் சொன்னதை ஒத்துக்கொண்டாள் என்று அவனுக்கு ஒரு கணக்கு. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கணக்கு ஒரு தடவையும் சரியாக வந்ததில்லை.

மகளை மடியில் உட்காரவைத்து விசாரணை நடந்தது.

"ஸ்கூல்ல உன்னை யாராவது சோடாபுட்டின்னு சொன்னாங்களா?"

"சோடாபுட்டின்னா என்னப்பா?"

"அதான், தடிமனாக் கண்ணாடி போட்டவங்களைக் கிண்டல் பண்றது."

"ஏன் சோடாபுட்டி?"

"சோடா பாட்டில் அடி தடிமனா இருக்குமில்ல, அதனால."

தும்பி அந்தச் சொல்லை ஒரு தடவை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள்.

"நல்லா இல்லடி! அது கெட்ட வார்த்தை மாதிரி. யார் சொன்னாங்க, பேரைச் சொல்லு, அப்பா பார்த்துக்கறேன்."

"யாரும் சொல்லல. நீதான் சொன்ன."

மறைக்கிறாள் என்று தீர்மானித்தான். பாவம், பயந்திருக்கிறது குழந்தை! மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். டாக்டரிடம் போகச் சாத்த முடியாத கடை, இதற்குச் சாத்த முடிந்தது.

டீச்சர் சின்னப் பெண். இவன் குரலைக் கேட்டே பாதி மிரண்டுவிட்டாள். "அப்படி யாரும் கிண்டல் பண்ற மாதிரி தெரியலையே சார். ஆனா போர்டைப் பார்க்கும்போது கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி விட்டுட்டு, மேல் பக்கமாப் பார்க்கறா. அதைத்தான் உங்ககிட்ட சொல்லணும்னு இருந்தேன்."

"அது சேட்டை. அதையெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீங்க எனக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க. பசங்ககிட்ட நானே பேசறேன்."

கொடுத்துத் தொலைத்தாள். வகுப்பறையில் கரும்பலகை முன்னால் நின்று, செருப்பு விற்கிறவனுக்கே உரிய கணீரென்ற குரலில் முழங்கினான். "பிள்ளைங்களா, நல்லாக் கேட்டுக்கங்க. கண்ணாடி போட்டிருக்கறவங்களைச் சோடாபுட்டின்னு கூப்பிடக் கூடாது. என்ன கூப்பிடக் கூடாது?"

"சோடாபுட்டி!" என்று வகுப்பே ஒரே குரலில் கத்தியது.

"ஆங். யாரைக் கூப்பிடக் கூடாது?"

எல்லாத் தலையும் தும்பி பக்கம் திரும்பியது. அவள் பெஞ்சுக்கு அடியில் குனிந்து எதையோ தேடுகிற மாதிரி இருந்தாள். அவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. ஒரு அப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தான்.

அட மனுஷா! அதுவரை அந்தச் சொல்லையே கேட்டறியாத பிள்ளைகள் அவை. அன்று மத்தியானத்துக்குள் தும்பிக்கு அந்தப் பெயர் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் அவள் அழுதுகொண்டே வேனிலிருந்து இறங்கினாள். வேனுக்குள்ளிருந்து, "டாட்டா சோடாபுட்டி!" என்று குட்டிக் குட்டிக் கைகள் ஆடின. பாசமாகத்தான் ஆட்டினார்கள், அந்த வயதில் எல்லாம் ஒன்றுதான்.

"பார்த்தியா, நான் சொன்னேனா இல்லையா?" என்று அவன் கொதித்தெழுந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வேனை ஓட்டுகிற அக்கா எதிர்வீட்டுக்காரி. அவள் வண்டியைக் கிளப்புவதற்குள் ஜன்னலில் போய் நின்றான்.

"என்னக்கா இது? உங்க வண்டியில என் புள்ளையை இப்படியா பேசுவாங்க? இவ்வளவு நாளா நீங்க கேட்டுட்டுச் சும்மாதான் இருந்தீங்களா?"

வேன்காரக்கா வாயில் குறைந்தவள் இல்லை. "இவ்வளவு நாளா எங்கே தம்பி? இன்னிக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு. ஸ்கூல்ல யாரோ பெரிய ஆள் வந்து சொல்லிக்குடுத்துட்டுப் போனாராமே, பசங்க சொல்றாங்க."

யார் அந்தப் பெரிய ஆள் என்று அவனுக்குத் தெரியாதா? ஆனாலும் விட்டுக்கொடுப்பானா? "அப்ப ஏன் இவ வண்டியில ஏறினதும் கண்ணாடியைக் கழட்டறா?"

"அதை அவளைக் கேளுங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். கண்ணாடி இல்லாம நல்லா ஓடியாடறா. அதைப் போட்டாத்தான் படியில தடுமாறுறா. நானே ரெண்டு தடவை தூக்கி விட்டிருக்கேன்."

"கண்ணு ஆபரேஷன் பண்ண புள்ளைங்க அது! கண்ணாடி இல்லாம ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாமி. என்னை விடுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

ஊரே சேர்ந்து தன் மகளின் கண்ணைக் கெடுக்கப் பார்க்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. டீச்சருக்கு அக்கறை இல்லை, வேன்காரிக்கு வாய் நீளம், பெண்டாட்டிக்குப் புரியவில்லை, பெற்ற பிள்ளைக்கே தன் கண் மேல் ஆசையில்லை. இவன் ஒருத்தன்தான் கிடந்து அல்லாடுகிறான். எரிச்சலில் அன்றைக்குக் கடையில் ஒரு கிழவரின் இடது காலுக்கு வலது செருப்பை மாட்டிப் பார்த்து, அவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், ஷூவுக்குத் தைக்கிற எலாஸ்டிக் பட்டையில் ஒரு துண்டு வெட்டினான். கண்ணாடியின் இரண்டு காதுக் கம்பிக்கும் சேர்த்துத் தலைக்குப் பின்னால் இறுக்கித் தைத்தான். தோல் தைக்கிற கை. தையல் பிரமாதமாக வந்தது. குழந்தையால் கழற்ற முடியாது. கழற்றவும் முடியவில்லை. தும்பி இழுத்தாள், அழுதாள், தரையில் புரண்டாள். "தெரியலப்பா, வேணாம்ப்பா" என்றாள்.

"தெரியணும்னுதான்டி போடறேன்!" என்று அவனும் கிட்டத்தட்ட அழுதுவிட்டான். "போடலைன்னா ஒரேயடியாத் தெரியாமப் போயிரும். அப்ப யாரு உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவா? நான் எத்தனை நாளைக்கு இருப்பேன்?"

மனைவி கதவருகே நின்று பார்த்தாள். "ரொம்ப இறுக்கமா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

"இறுக்கமா இருந்தாத்தான் நிக்கும்."

நின்றது. தும்பியும் அடங்கிவிட்டாள். தெருவில் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஓடவில்லை. வாசலில் நின்று வேடிக்கை பார்க்கவில்லை. கடைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து, தாளில் மூக்கு படுகிற மாதிரி படம் வரைந்துகொண்டே இருந்தாள். "பார், எவ்வளவு சமத்தா ஆயிட்டா" என்று அவன் வாடிக்கையாளர்களிடம் சொல்லி மகிழ்ந்தான். போராடி ஜெயித்த நிம்மதி வந்துவிட்டது அவனுக்கு.

அந்த நிம்மதி கடைப் படியில் முடிந்தது. ஒரு சாயங்காலம் அம்மா தெருமுனையில் வருவதைத் தும்பிக்குக் காட்டினான். "அதோ பார், அம்மா!" அவள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எங்கப்பா?" "அதோடி, கையை ஆட்டறா பார்." அவன் கை காட்டிய பக்கம் சிரித்துக்கொண்டு ஒரு அடி வைத்தாள். அங்கே படி இருப்பது தெரியவில்லை. முகம் குப்புற விழுந்தாள். மோவாய் கிழிந்து ரத்தம் கொட்டியது. கண்ணாடி மட்டும் முகத்தில் அசையாமல் இருந்தது. அப்படித் தைத்திருந்தானே!

மனைவி ஓடி வந்து குழந்தையைத் தூக்கினாள். கத்தரிக்கோலை எடுத்து எலாஸ்டிக்கை வெட்டினாள். தும்பியின் காதோரம் இரண்டு பக்கமும் சிவந்து கன்றிப்போயிருந்தது. அவள் கணவனைப் பார்த்துச் சத்தம் போடவில்லை.

"நாளைக்குக் கடை கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போறோம். எனக்கு லீவு குடுத்தாலும் சரி, வேலையே போனாலும் சரி."

"விழறது எல்லாக் குழந்தையும்..."

"வாயைத் திறந்தீங்க, அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, கண்ணில் சொட்டு மருந்து விடுவதற்கு முன்னால் பலகையில் இருக்கிற படங்களைச் சொல்ல வைத்து, விட்ட பிறகு காத்திருக்க வைத்து, நீளமாக இழுத்தது. தும்பி முதலில் கண்ணாடியோடு பார்த்தாள். பலகையில் வீடு, குடை, ஆப்பிள் எதுவும் தெரியவில்லை. பெரிய படத்தைக்கூடப் "பூனை" என்று குத்துமதிப்பாகச் சொன்னாள். அது கப்பல். போச்சு! கழற்றிக் கழற்றியே கண்ணைக் கெடுத்துக்கொண்டாள், நான் சொன்னது நடந்துவிட்டது என்றுதான் அப்போதும் நினைத்தான்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இது எப்ப செஞ்சது?"

"போன தடவை குடுத்த நம்பர்தான் டாக்டர். புதுசு மாதிரிதான் இருக்கு. நான் மூணா செஞ்சு வெச்சிருந்தேன்" என்றான். அந்த நேரத்திலும் அதில் ஒரு துளி பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதைக் கீழே வைத்தார். இருட்டு அறையில் குழந்தையின் கண்ணுக்குள் ஒரு கீற்று வெளிச்சத்தை அடித்து, லென்ஸ்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். கண்ணின் அழுத்தம் பார்த்தார். அது சரியாக இருந்தது. கண்ணின் நீளத்தை அளந்தார். பழைய கணக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவர்கள் பக்கம் திருப்பினார்.

"கண்ணு நல்லா வளர்ந்திருக்கு. நாங்க எதிர்பார்த்ததைவிட வேகமா. இவளுக்கு இப்ப இவ்வளவு பவர் தேவையே இல்ல. இந்தக் கண்ணாடியைப் போட்டா, கைக்கெட்டற தூரம் மட்டும்தான் தெரியும். அதுக்கு மேல எல்லாம் மங்கல்."

"ரெண்டு தடவையா அதே நம்பர்தானே டாக்டர்..."

"கண்ணு ஒரே சீரா வளராது. கொஞ்ச நாள் சும்மா இருக்கும், திடீர்னு ஓடும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒவ்வொரு மாதிரி. அதனாலதான் தேதிக்கு வரச் சொல்றது." தும்பி பக்கம் குனிந்தார். "கண்ணு, இந்தக் கண்ணாடி போட்டா எப்படி இருக்கும், சொல்லு?"

"அழுக்கா இருக்கும்" என்றாள் தும்பி. "படம் வரையறப்ப மட்டும் நல்லாருக்கும்."

அவன் தரையைப் பார்த்தான். எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! அவளுக்குத் தெரிந்த வார்த்தையில் சொல்லியிருக்கிறாள். இவன் சட்டை நுனியை எடுத்துக்கொண்டு துடைத்தான்.

"தெருவுல கழட்டிக் கழட்டிப் போட்டுட்டா டாக்டர்" என்று மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நாங்க அதைச் சேட்டைன்னு..."

"கழட்டினது நல்லதாப் போச்சும்மா. அந்த நேரம்தான் இவளுக்குத் தூரத்துல இருக்கறது கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும்." காதோரத்துச் சிவப்பை டாக்டரம்மா விரலால் தொட்டுப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. நாலு வார்த்தை திட்டினால் வாங்கிக்கொண்டு நிற்கலாம். இப்படிச் சும்மா விட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

சோதனைக்கு மாட்டுகிற இரும்பு வட்டக் கண்ணாடியில் புது லென்ஸைப் போட்டுத் தும்பியைப் பலகை முன்னால் உட்கார வைத்தார்கள். வலது கண் படபடவென்று வாசித்தது. குடை, வீடு, கப்பல், பூ. கீழ் வரிக்குப் பக்கம்வரை போய்விட்டது. இடது கண் பாதியில் நின்றது. லென்ஸை மாற்றினார்கள், இன்னொரு தடவை மாற்றினார்கள். குழந்தை முண்டிப் பார்த்தாள், கழுத்தை நீட்டினாள். "தெரியல" என்றாள். "இருக்கு, ஆனா என்னன்னு தெரியல."

"இடது கண்ணு ரொம்பவே ஓடியிருக்கு" என்றார் டாக்டரம்மா. "அதனால மங்கலும் அதுக்குத்தான் அதிகம். கொஞ்சம் சோம்பேறியாயிருக்கு. வலது கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடி வெச்சு, இதை வேலை வாங்கணும்."

"வந்துருமா டாக்டர்?"

"வரலாம். வயசு இருக்கு. முழுசா வருமான்னு இப்ப என்னால சொல்ல முடியாது."

"அன்னிக்கே, சொன்ன தேதிக்கே வந்திருந்தா?"

"அன்னிக்கே மாத்திக் குடுத்திருப்போம்" என்றார். அவ்வளவுதான். அவன் மூக்கை உறிஞ்சினான். மனைவி எழுந்து, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே போனாள். கணவன் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

சோதனைக் கண்ணாடியோடேயே கொஞ்ச நேரம் நடந்து பார்க்கட்டும் என்று டாக்டரம்மா தும்பியை வாசலில் நிறுத்தினார். நீளமான நடைக்கூடம். அந்தக் கோடியில் கவுண்டர். தும்பி நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"அம்மா நகம் கடிக்கறாங்க!" என்று கத்தினாள். "அப்பா, அம்மா நகம் கடிக்கறாங்க! அந்த ஆன்ட்டி மஞ்சள் செருப்பு போட்டிருக்காங்க! நம்ம கடைச் செருப்பு!"

மகள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். கடையில் பிள்ளைகளின் காலுக்கு முன்னால் உட்காருகிற மாதிரி.

டாக்டரம்மாவும் குனிந்தார். "இங்க பாரு கண்ணு. புதுக் கண்ணாடி வரும். கொஞ்ச நாள் நல்லாருக்கும். உன் கண்ணு இன்னும் வளரும், அப்ப இதுவும் சரியில்லாமப் போகும். அப்படி ஆச்சுன்னா எங்கயும் ஒளிச்சு வெக்கக் கூடாது. உடனே சொல்லணும். யார்கிட்ட சொல்லுவ?"

தும்பி அப்பாவைப் பார்த்தாள். இவ்வளவு கிட்டத்தில், இவ்வளவு நேரம் அவள் அவனைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அவனும் சிரிக்க முயன்றுகொண்டு காத்திருந்தான்.

"உங்ககிட்ட" என்றாள் டாக்டரிடம்.

"ஏன், அப்பாகிட்ட சொல்ல மாட்டியா?"

"அப்பாகிட்ட சொன்னா திட்டுவாரு."

"நான் எங்கடி திட்டினேன்!"

கெஞ்சத்தான் வாயெடுத்தான். வந்ததோ வழக்கமான அதட்டல். நடைக்கூடத்தில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தும்பி திடுக்கிட்டு, அந்த இரும்புக் கண்ணாடியை இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"கழட்டலப்பா" என்றாள். "நான் கழட்டவே இல்ல."